ஜிம் மாரிசனும் டோர்ஸும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜிம் மாரிசன் யார்?

1960களில் லாஸ் ஏஞ்சலிஸில் உருவான 'தி டோர்ஸ்' ராக் குழுவின் பாடகர். 1943 டிசம்பர் 8 அன்று ஃபுளோரிடா மாநிலத்தின் மெல்போர்ன் ஊரில் பிறந்தார். 1971 ஜூலை 3 அன்று பாரிஸில் இறந்தபோது வயது 27. குழுவின் முதல் ஆல்பம் 1967 ஜனவரியில் வந்தது. அவர் பாடிய கடைசி ஆல்பம் 1971 ஏப்ரலில். இடைப்பட்ட நாலு வருடச் சொச்சத்தில் ஆறு ஸ்டுடியோ ஆல்பங்கள். இன்று பலருக்கு அந்த ஆறையும்விட அவருடைய சாவும், சட்டையில்லாமல் நிற்கும் அந்த போஸ்டரும்தான் நன்றாகத் தெரியும். அதனால்தான் இந்தப் பக்கத்தில் பாட்டுக்கும் குழுவுக்கும் கொஞ்சம் கூடுதலாகவே இடம் கொடுத்திருக்கிறேன்.

அப்பா ராணுவத்தில் பெரிய அதிகாரி என்பது உண்மையா?

கடற்படை. ஜார்ஜ் ஸ்டீபன் மாரிசன், பின்னாளில் அட்மிரல். 1964 ஆகஸ்டில் டோங்கின் வளைகுடாச் சம்பவம் நடந்தபோது அங்கிருந்த அமெரிக்கக் கடற்படைப் பிரிவு அவர் தலைமையில்தான் இருந்தது. வியட்நாம் போரில் அமெரிக்கா முழுசாக இறங்குவதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது அந்தச் சம்பவம். மூன்றே வருடத்தில், அதே போரை எதிர்த்துத் தெருவுக்கு வந்த இளைஞர்களுக்கு மகன் நாயகனாகிவிட்டார்.

அப்பாவுக்கு மாற்றல் வர வர, குடும்பம் ஊர் ஊராகப் போனது. மகனுக்கு வீட்டோடு ஒட்டுதல் இல்லாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ரெக்கார்ட் கம்பெனி விளம்பரக் குறிப்புக்காகக் குடும்ப விவரம் கேட்டபோது, அப்பா அம்மா இருவரும் இறந்துவிட்டதாகச் சொல்லிவிட்டார். இருவரும் நல்லபடியாக உயிரோடுதான் இருந்தார்கள்.

குழு எப்படிச் சேர்ந்தது?

மாரிசன் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சினிமா படித்தார். அதே துறையில் படித்தவர் சிகாகோக்காரரான ரே மன்சரெக். படிப்பு முடிந்த 1965 கோடையில் லாஸ் ஏஞ்சலிஸின் வெனிஸ் கடற்கரையில் இருவரும் தற்செயலாகப் பார்த்துக்கொண்டார்கள். பாட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றார் மாரிசன். சரி, பாடிக் காட்டு என்றார் மன்சரெக். மணலில் உட்கார்ந்து 'மூன்லைட் டிரைவ்' பாட்டின் வரிகளைப் பாடினார். குழு ஆரம்பிக்கும் முடிவு அங்கேயே எடுக்கப்பட்டது.

டிரம்மர் ஜான் டென்ஸ்மோரும் கிட்டாரிஸ்ட் ராபி கிரீகரும் வந்த வழி வேடிக்கையானது. மகரிஷி மகேஷ் யோகியின் தியான வகுப்பில் மன்சரெக்குக்குக் கிடைத்த பழக்கம் அது. பீட்டில்ஸ் ரிஷிகேஷுக்குப் போனதெல்லாம் இதற்கு அப்புறம்தான். குழுவின் பெயர் எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லியின் ஒரு புத்தகத் தலைப்பிலிருந்து எடுத்தது. ஹக்ஸ்லி அதைக் கவிஞர் வில்லியம் பிளேக்கிடமிருந்து எடுத்திருந்தார்.

மேடையில் பேஸ் கிட்டார், அதாவது கீழ்ச்சுரக் கிட்டார், வாசிக்க ஆளே கிடையாது. மன்சரெக் வலது கையால் ஆர்கன் வாசிப்பார், இடது கையால் ஒரு சின்னக் கீபோர்டில் பேஸ் வாசிப்பார். டோர்ஸ் பாடல்களில் அடியில் ஒரு தாளம் விடாமல் சுழன்றுகொண்டே இருப்பது போலத் தோன்றும். ஒரே கை ஒரே அமைப்பைத் திரும்பத் திரும்ப வாசிப்பதால் வரும் விளைவு அது.

பாட்டுப் பயிற்சி எடுத்தவரா?

இல்லை. முதல் சில மாதங்கள் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கூட வாசிப்பவர்களைப் பார்த்தபடியே பாடினாராம், அவ்வளவு கூச்சம். லண்டன் ஃபாக் என்ற சின்ன கிளப்பில் பாடிப் பாடித்தான் அது தெளிந்தது. கனமான கீழ்க்குரல். ஃபிராங்க் சினாட்ரா, எல்விஸ் இருவரையும் ரசித்துக் கேட்டவர். மெதுவான பாடல்களில் சினாட்ராவின் சாயல் நன்றாகவே தெரியும்.

எப்போது பிரபலமானார்கள்?

1966 கோடையில் சன்செட் ஸ்ட்ரிப்பில் இருந்த 'விஸ்கி எ கோ கோ' கிளப்பில் நிரந்தரக் குழுவாக வாசித்தார்கள். 'லவ்' குழுவின் ஆர்தர் லீ சொல்லி, எலெக்ட்ரா ரெக்கார்ட் கம்பெனியின் ஜாக் ஹோல்ஸ்மன் கேட்க வந்தார். ஆகஸ்டில் கை குலுக்கியாகிவிட்டது. அதே ஆகஸ்டில் கிளப்பிலிருந்து துரத்தவும் பட்டார்கள். 'தி எண்ட்' பாட்டின் நடுவில் அப்பாவைக் கொல்வது, அம்மாவோடு உறவு கொள்வது என்று ஈடிபஸ் கதையை மாரிசன் பச்சையாகவே எடுத்துவிட, முதலாளி அன்றைக்கே கணக்கை முடித்துவிட்டார்.

தயாரிப்பாளர் பால் ராத்சைல்ட், ஒலிப்பதிவாளர் புரூஸ் பாட்னிக். முதல் ஆல்பம் சில நாட்களிலேயே பதிவாகி முடிந்தது. கிளப்பில் தினமும் வாசித்துத் தேய்த்த பாடல்கள் என்பதால் ஸ்டுடியோவில் தடுமாற வேண்டியிருக்கவில்லை.

'லைட் மை ஃபயர்' அவர் எழுதிய பாட்டுதானே?

பெரும்பகுதி அவர் எழுதியது இல்லை. இந்தத் தவறு அடிக்கடி நடப்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

ஆளுக்கொரு பாட்டு எழுதிக்கொண்டு வாருங்கள் என்று பேசி வைத்தபோது கிரீகர் கொண்டுவந்தது அது. மெட்டும் வரிகளில் பெரும்பகுதியும் கிரீகருடையவை. இரண்டாவது சரணத்தை மாரிசன் சேர்த்தார். காதல் பாட்டுக்குள் பிணம் எரியும் சிதை வந்து உட்கார்ந்தது அவர் கைவேலை. ஆரம்பத்தில் சுருண்டு இறங்கும் அந்த ஆர்கன் துணுக்கு மன்சரெக் போட்டது. லத்தீன் சாயல் தாளம் டென்ஸ்மோர் கொடுத்தது. நடுவில் ஆர்கனும் கிட்டாரும் மாறி மாறி நீண்டுகொண்டே போகும் பகுதிக்கு, ஜான் கோல்ட்ரேனின் ஜாஸ் வாசிப்பிலிருந்து பாடம் எடுத்தார்கள்: இரண்டே கார்டுகள் (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டுகள்), அவற்றின் மேல் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நடக்கலாம்.

ஆல்பத்தில் பாட்டு கிட்டத்தட்ட ஏழு நிமிடம். வானொலியில் அவ்வளவு நீளத்தை யார் போடுவார்கள்? நடுப்பகுதியை வெட்டி மூன்று நிமிடத்துக்குள் அடக்கி சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டுத் தட்டாக, விட்டார்கள். 1967 ஜூலையில் அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போய் மூன்று வாரம் அங்கேயே நின்றது. சிங்கிள் வடிவத்தை மட்டும் கேட்டவர்கள் பாதிப் பாட்டைத்தான் கேட்டிருக்கிறார்கள் என்பது என் கருத்து.

பாட்டு எழுதிய பணத்தை எப்படிப் பிரித்தார்கள்?

நாலு பங்கு, சமமாக. யார் எழுதினாலும் ஆரம்ப ஆல்பங்களில் 'தி டோர்ஸ்' என்றுதான் பெயர் போட்டார்கள். நாலு பேரும் ஒத்துக்கொண்டால்தான் எந்த முடிவும் செல்லும் என்பது இன்னொரு விதி. உலகம் முழுக்க மாரிசன் முகத்தை மட்டும் பார்த்த காலத்தில் அவர் இதற்குச் சம்மதித்தார் என்பதை அவர் கணக்கில் வரவு வைக்கத்தான் வேண்டும்.

1968இல் அந்த விதிக்குச் சோதனை வந்தது. 'லைட் மை ஃபயர்' பாட்டை விளம்பரத்துக்குக் கேட்டு பியூக் கார் கம்பெனி வந்தது. மாரிசன் ஊரில் இல்லை, பிடிக்கவும் முடியவில்லை. மற்ற மூவரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். திரும்பி வந்தவர் கொதித்துப்போனார். மேடையிலேயே ஒரு பியூக் காரைச் சம்மட்டியால் அடித்து நொறுக்குவேன் என்று மிரட்டினார். விளம்பரம் கைவிடப்பட்டது. பாட்டை எழுதியவர் கிரீகர், அதை விற்கக் கூடாது என்று சண்டை பிடித்தவர் மாரிசன். குழுவின் உள்விவகாரம் புரிய இந்த ஒரு சம்பவம் போதும் எனக்கு.

அந்தச் சண்டையை டென்ஸ்மோர் மறக்கவில்லை. 2000களில் வந்த பெரிய கார் விளம்பர வாய்ப்பை மறுத்தவர் அவர்தான். மன்சரெக்கும் கிரீகரும் டோர்ஸ் பெயரைச் சேர்த்துக்கொண்டு வேறு பாடகரோடு ஊர் சுற்றியபோது கோர்ட்டுக்குப் போய் ஜெயித்ததும் அவர்தான். அந்த வழக்கில் அவர் பக்கம் நின்றவர்களில் மாரிசனின் குடும்பமும் உண்டு.

டிவி நிகழ்ச்சியில் தடை வாங்கியது எதற்கு?

1967 செப்டம்பர் 17, எட் சல்லிவன் நிகழ்ச்சி. 'லைட் மை ஃபயர்' பாட்டில் வரும் 'ஹையர்' என்ற சொல் போதையைக் குறிக்கிறது, மாற்றிப் பாடுங்கள் என்றார்கள். தலையாட்டிவிட்டு நேரலையில் அப்படியே பாடினார். அப்புறம் அங்கிருந்து அழைப்பே வரவில்லை.

மேடையிலேயே கைதானார் என்பது?

நடந்ததுதான். 1967 டிசம்பர் 9, அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரம். நிகழ்ச்சிக்கு முன் மேடைக்குப் பின்னால் ஒரு பெண்ணோடு இருந்தவரை, யாரென்று தெரியாமல் ஒரு போலீஸ்காரர் விரட்டப் பார்த்தார். வாக்குவாதம் முற்றி, கண்ணில் ரசாயனத்தைப் பீய்ச்சிவிட்டார். மாரிசன் மேடையேறி, பாட்டின் நடுவே அந்தக் கதையை ஆயிரக்கணக்கானோர் முன் கிண்டலோடு சொல்ல ஆரம்பித்தார். விளக்குகள் எரிந்தன, போலீஸ் மேடைக்கே வந்து இழுத்துக்கொண்டு போனது. வழக்கு பிறகு நிற்கவில்லை.

மயாமியில் உண்மையில் என்னதான் நடந்தது?

1969 மார்ச் 1, ஃபுளோரிடாவின் மயாமி நகரில் டின்னர் கீ ஆடிட்டோரியம். பழைய விமானக் கொட்டகை, குளிர்சாதனம் கிடையாது, கூட்டமோ அளவுக்கு மீறி. மாரிசன் விமானத்தைத் தவறவிட்டு, வழியெல்லாம் குடித்துவிட்டுத் தாமதமாக வந்து சேர்ந்தார். அதற்கு முந்தைய வாரம்தான் லாஸ் ஏஞ்சலிஸில் 'லிவிங் தியேட்டர்' குழுவின் நாடகங்களைப் பார்த்திருந்தார். பார்வையாளர்களைச் சீண்டி, வம்புக்கு இழுத்து, ஆடையைக் களைந்து நடத்தும் நாடகங்கள் அவை. அதே வித்தையை நல்ல போதையில், ஒத்திகை இல்லாமல் முயற்சி செய்தார். பாட்டைப் பாதியில் நிறுத்துவது, கூட்டத்தைத் திட்டுவது, அடிமைகளே என்று கத்துவது என்று ஒரு மணி நேரம் போனது. கடைசியில் மேடையில் யார் நிற்கிறார்கள் என்றே தெரியாத அளவுக்குத் தள்ளுமுள்ளு.

கால்சட்டையை அவிழ்த்துக் காட்டினார் என்பது குற்றச்சாட்டு. நாலு நாள் கழித்துத்தான் வாரண்ட் வந்தது. அன்று எடுத்த ஏராளமான புகைப்படங்களில் ஒன்றுகூட அதைக் காட்டவில்லை. கூட இருந்த மூவரும் அப்படி நடக்கவில்லை என்றே சொல்லிவந்தார்கள். 1970 செப்டம்பரில் ஜூரி பெரிய குற்றச்சாட்டிலிருந்து அவரை விடுவித்து, ஆபாசமாக உடலைக் காட்டியது, கெட்ட வார்த்தை பேசியது என்ற இரண்டு சிறு குற்றங்களில் மட்டும் குற்றவாளி என்றது. ஆறு மாதச் சிறை, 500 டாலர் அபராதம். மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே இறந்துவிட்டார். 2010 டிசம்பரில், ஆளுநர் சார்லி கிறிஸ்ட் பதவியிலிருந்து இறங்கும் சமயத்தில், ஃபுளோரிடா மன்னிப்புக் குழு ஒருமனதாக மன்னிப்பு வழங்கியது.

தீர்ப்பைவிட, தீர்ப்புக்கு முந்தைய காலம்தான் குழுவை அதிகம் அடித்தது. ஊர் ஊராக நிகழ்ச்சிகள் ரத்தாயின. பல வானொலிகள் பாட்டைப் போடவே மறுத்தன.

அவரைக் கெடுத்தது போதைமருந்தா, குடியா?

குடி. ஆரம்பத்தில் எல்.எஸ்.டி. நிறைய எடுத்தார் என்பது அவர்களே சொன்னதுதான். ஆனால் 1968க்குப் பிறகு ஒத்திகையையும் பதிவையும் மேடையையும் பாழாக்கியது சாராயம்தான். இதில் ரொமான்ஸ் எதுவும் இல்லை. மூன்றாவது ஆல்பத்தின் பதிவுக்கு உதவாக்கரைக் கூட்டத்தோடு போதையில் வருவார். ஒருநாள் டென்ஸ்மோர் இனி முடியாது என்று குச்சிகளைப் போட்டுவிட்டு வெளியேறி, மறுநாள் திரும்பி வந்தார். குடிக்காமல் பார்த்துக்கொள்ளக் கூடவே ஓர் ஆளை வைத்துப் பார்த்தார்கள். பலிக்கவில்லை.

தடுத்திருக்க முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு. குடிநோய்க்குச் சிகிச்சை என்பது அன்று ராக் உலகில் யாருக்கும் தோன்றாத விஷயம். அப்புறம், அவர் மேடையில் நின்றால்தான் மானேஜரிலிருந்து மூட்டை தூக்குகிறவர் வரை எல்லோருக்கும் சம்பளம். இறங்கி ஓய்வெடு என்று யார் சொல்வது? மன்சரெக் பின்னாளில் அவரை ஒரு தெய்வீகப் பித்தராகவே வர்ணித்தார். டென்ஸ்மோர் எழுதியதில் கோபமும் குற்ற உணர்வும் இருக்கும். நான் டென்ஸ்மோரைத்தான் நம்புகிறேன்.

கடைசி ஆல்பம் எப்படி உருவானது?

1970 கடைசியில் 'எல்.ஏ. வுமன்' பாடல்களைக் கேட்ட ராத்சைல்ட், மதுக்கடையில் வாசிக்கும் ஜாஸ் மாதிரி இருக்கிறது என்று சலித்துக்கொண்டு விலகிவிட்டார். குழுவுக்கு அது நல்லதாகப் போயிற்று. பாட்னிக்கோடு சேர்ந்து தங்கள் ஒத்திகை அறையையே ஸ்டுடியோவாக்கினார்கள். எல்விஸுக்கு வாசித்த ஜெர்ரி ஷெஃபை பேஸ் கிட்டாருக்கு அழைத்தார்கள். மாரிசன் பாடியது அங்கிருந்த குளியலறையில் நின்று. ஓடு பதித்த சுவர்களில் குரல் நன்றாக எழுந்தது. ராத்சைல்ட் ஒரே பாட்டை முப்பது நாற்பது தடவை பாட வைப்பவர். இங்கே சில டேக்குகளிலேயே முடித்தார்கள். சிகரெட்டும் குடியும் கரகரப்பாக்கிய குரல், ப்ளூஸ் பாடல்களுக்கு அச்சாகப் பொருந்திவிட்டது.

அந்த 1970 டிசம்பர் 12 அன்று நியூ ஆர்லியன்ஸில் கடைசி மேடை. நடுவில் மாரிசன் மைக் கம்பத்தால் மேடைப் பலகையைக் குத்திக் குத்தி உடைத்தார், பிறகு உட்கார்ந்துவிட்டார். இனி மேடை வேண்டாம் என்று மற்ற மூவரும் அன்றிரவே முடிவெடுத்தார்கள்.

பாரிஸுக்கு ஏன் போனார்?

1971 மார்ச்சில், காதலி பமேலா கோர்சனோடு இருக்கவும் எழுதவும். வழக்கிலிருந்தும் ரசிகர்களிடமிருந்தும் தள்ளிப் போகும் ஆசையும் இருந்தது. தாடி, பருத்த உடம்பு. தெருவில் அடையாளம் தெரியாமல் நடக்க முடிந்தது. குடி மட்டும் கூடவே போனது.

இறந்த அன்று என்ன நடந்தது?

ஜூலை 3 விடிகாலை, ரூ பொத்ரெய் தெருவில் 17ஆம் எண் வீட்டில், குளியல் தொட்டியில் இறந்து கிடந்தவரைக் கண்டது பமேலா. பார்க்க வந்த மருத்துவர் இதயம் நின்றதாக எழுதிக் கொடுத்தார். குற்றச் சந்தேகம் இல்லை என்பதால் பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை. அமெரிக்காவிலிருந்து மானேஜர் பில் சிடன்ஸ் வந்து சேர்ந்தபோது சவப்பெட்டி மூடப்பட்டிருந்தது. திறந்து பார்க்க அவர் கேட்கவில்லை. ஜூலை 7 அன்று பேர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். வந்தவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அவர்களில் ஒருவர் இயக்குநர் ஆக்னஸ் வர்தா. அடக்கம் முடிந்த பிறகே செய்தி வெளியானது.

ஹெராயின்தான் காரணமா?

வலுவான சந்தேகம் அதுதான். பமேலா ஹெராயின் பழக்கம் உள்ளவர். இருவரும் அன்றிரவு எடுத்துக்கொண்டார்கள் என்று அவர் நெருங்கியவர்களிடம் சொன்னதாகப் பதிவுகள் உண்டு. இறந்தது வீட்டிலேயே இல்லை, ஓர் இரவு விடுதியின் கழிப்பறையில் என்று அங்கே வேலை பார்த்த ஒருவர் 2007இல் புத்தகமே எழுதினார். பரிசோதனை நடக்காததால் எதையும் நிரூபிக்க வழியில்லை. பமேலாவும் 1974இல் ஹெராயினால் இறந்தார், அவருக்கும் வயது 27.

மாரிசன் உயில்படி சொத்து முழுக்கப் பமேலாவுக்கு. அவருக்குப் பின் இரு வீட்டுப் பெற்றோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. இறந்துவிட்டதாக மகன் சொன்ன அப்பா அம்மாவுக்கே கடைசியில் ராயல்டி போனது.

இன்னும் உயிரோடு இருக்கிறாரா?

இல்லை.

27 வயதில் ஏதாவது மர்மம் உண்டா?

'ரோலிங் ஸ்டோன்ஸ்' ராக் குழுவின் பிரையன் ஜோன்ஸ் 1969இல் இறந்ததும் ஜூலை 3தான். கிட்டாரிஸ்ட் ஹெண்ட்ரிக்ஸ், பாடகி ஜானிஸ் ஜாப்ளின் இருவரும் 1970இல். எல்லோருக்கும் 27. பின்னர் பாடகர்கள் கர்ட் கோபேன், ஏமி வைன்ஹவுஸ். மனம் தானாகவே கோடு போட்டுவிடும். 2011இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஓர் ஆய்வு, பிரிட்டனில் முதலிடம் பிடித்த ஆல்பங்களின் கலைஞர்களை எடுத்துக் கணக்கிட்டது. 27இல் தனியான ஏற்றம் எதுவும் இல்லை. ஆனால் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இறக்கும் வாய்ப்பு பொதுமக்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். வயதைப் பற்றிய கட்டுக்கதையைவிட இரண்டாவது தகவல்தான் பயப்பட வேண்டியது.

கல்லறையைப் பார்க்க முடியுமா?

முடியும். ஆரம்பத்தில் பெயர்ப்பலகைகூட ஒழுங்காக இல்லை. 1981இல் ஒரு குரோஷியச் சிற்பி செய்த மார்பளவுச் சிலை வைக்கப்பட்டது. ரசிகர்கள் கிறுக்கி, மூக்கை உடைத்து, 1988இல் யாரோ தூக்கிக்கொண்டே போய்விட்டார்கள். 2025 மே மாதம் வேறொரு மோசடி வழக்கைத் துருவிய பாரிஸ் போலீஸ் அதைக் கண்டெடுத்தது. இப்போது உள்ள கல்லில் கிரேக்க மொழியில் ஒரு வரி பொறித்திருக்கும். அதை வைத்தது அப்பா.

அவர் நல்ல கவிஞரா?

தன்னைப் பாடகர் என்பதைவிடக் கவிஞர் என்று சொல்லிக்கொள்ளவே விரும்பினார். சொந்தச் செலவில் அச்சிட்ட கவிதைகள் 1970இல் ஒரு பெரிய பதிப்பகம் வழியாகவும் வந்தன. தாளில் படித்தால் பல வரிகள் மாணவர் நோட்டுப் புத்தக வாடை அடிக்கும். அதே வரிகளை மூன்று பேர் பின்னால் வாசிக்க அவர் வாயால் கேட்டால் கதையே வேறு.

அவருக்குப் பிறகு குழு?

மன்சரெக்கும் கிரீகரும் தாங்களே பாடி இரண்டு ஆல்பம் போட்டார்கள், எடுபடவில்லை. 1973இல் கலைந்தார்கள். 27ஆவது பிறந்தநாளன்று மாரிசன் படித்துப் பதிவுசெய்த கவிதைகளுக்கு மூவரும் இசை சேர்த்து 1978இல் வெளியிட்டார்கள். 1979இல் இயக்குநர் கொப்போலா தன் வியட்நாம் படத்தின் தொடக்கத்தில் 'தி எண்ட்' பாட்டை வைத்ததும் புதிய தலைமுறை ஒன்று கிடைத்தது. மன்சரெக் 2013இல் காலமானார்.

முதன்முதலாகக் கேட்கப் போகிறேன். எங்கிருந்து தொடங்கலாம்?

1967இன் முதல் ஆல்பம், தொடக்கத்திலிருந்து கடைசி வரை, வரிசை மாற்றாமல். அடுத்து நேராக 'எல்.ஏ. வுமன்'. ஒரே மனிதரின் குரல் நாலு வருடத்தில் எவ்வளவு மாறியிருக்கிறது என்று இந்த இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் தெரியும். அப்புறம் 'ஸ்ட்ரேஞ்ச் டேஸ்', 'மாரிசன் ஹோட்டல்'. பித்தளை வாத்தியங்களும் வயலின்களும் ஏற்றிய 'தி சாஃப்ட் பரேட்' கடைசியில் இருக்கட்டும். மேடையில் எப்படி இருந்தார்கள் என்று பார்க்க, 1968 ஜூலை 5 ஹாலிவுட் பௌல் நிகழ்ச்சிப் படம் கிடைக்கிறது. அதில் மாரிசனை மட்டும் பார்க்காமல் மன்சரெக்கின் இடது கையையும் கவனியுங்கள்.